எல்லாம் சரி என்று சொன்ன அடுப்பு

விறகடுப்பு எரியவில்லை என்றால் ஊதாங்குழல் போதும். கேஸ் அடுப்பு எரியவில்லை என்றால் சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். அமெரிக்காவில் கொல்லைப்புறத்தில் வைத்திருக்கிறார்களே ஸ்மார்ட் பெல்லட் கிரில், அது எரியவில்லை என்றால்? அதுவே காரணத்தைச் சொல்லிவிடும் என்கிறார்கள்! உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், முகப்பில் திரை, வைஃபை, போனில் ஒரு ஆப். கோளாறு வந்தால் திரையில் ஏதோ மூன்று எழுத்து வரும். மெனுவுக்குள் போய் 'டயக்னாஸ்டிக்ஸ்' என்பதை அழுத்தினால் ஒவ்வொரு பாகத்தையும் தானே சோதித்து ரிப்போர்ட் கொடுக்கும். டாக்டரும் நோயாளியும் ஒரே உடம்பில் இருக்கிற மாதிரி.

டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனை ஒட்டிய ஒரு வீட்டில், மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு அப்படிப்பட்ட அடுப்பு ஒன்று அணைந்து போனது. அந்த வீட்டுப் பெண் ஹைஸ்கூல் முடித்ததற்காக மறுநாள் மதியம் 1 மணிக்கு விருந்து. 22 பேர் வருகிறார்கள். அடுப்புக்குள் 6 கிலோ பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுக்கறி. இரவு 10 மணிக்கு உள்ளே வைத்தது.

எதற்காக ராத்திரி முழுக்க என்று கேட்கலாம். நெஞ்சுப்பகுதி மாட்டின் பாரத்தைத் தாங்குகிற இடம். கொலாஜன் என்கிற நார்ப்பொருள் அதில் அதிகம். அவசரமாகச் சுட்டால் செருப்புத்தோல்தான். 107 டிகிரி (அங்கே திரையில் 225 ஃபாரன்ஹீட் என்று காட்டும்) சூட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடந்தால்தான் அந்த நார் கரைந்து ஜெலட்டின் ஆகி, கறி வாயில் வைத்ததும் பிரியும். இதில் நடுவே ஒரு சங்கடம் வேறு உண்டு. கறியின் உட்சூடு 65, 70 வரை ஏறிவிட்டு அப்புறம் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், நமக்கு வியர்ப்பது போல, கறி தன்னைத்தானே குளிர வைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் பதறாமல் இருப்பதுதான் சமையல்காரருக்கு அழகு. பெரும்பாலும் தூங்கிவிடுவார்கள். விறகு வைத்துச் சுடுகிற பழைய ஆட்கள் தூங்க முடியாது, மணிக்கு ஒரு கட்டையாவது போட வேண்டும். பெல்லட் கிரில் வாங்குவதே தூங்குவதற்காகத்தான்.

அந்த அடுப்பின் கதையும் சுவாரஸ்யமானது. ஆரிகன் மாநிலத்தில் மவுன்ட் ஏஞ்சல் என்று ஒரு சின்ன ஊர். அங்கே வீடுகளுக்கு வெப்பமூட்டும் கருவிகள் விற்று வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஜோ டிரேகர் 1985-ல் முதல் பெல்லட் கிரில்லைச் செய்தார். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மரத்தூளை அமுக்கி எரிபொருளாக்கும் யோசனை அமெரிக்காவில் பரவியிருந்தது. வீட்டைச் சூடாக்க ஒரு பொருள் எரியுமானால் கறியைச் சுடாதா என்பதுதான் அவருடைய கணக்கு. காப்புரிமையும் வாங்கினார். 2006-ல் அது முடிந்ததும் ஆளுக்கொரு கம்பெனி இறங்கிவிட்டது.

உள்ளே இருக்கும் ஏற்பாடு ரொம்ப எளிமை. பக்கத்தில் ஒரு பெட்டி, ஹாப்பர் என்பார்கள். அதில் சுண்டுவிரலைவிட ஒல்லியான மரத்தூள் குச்சிகள், அவைதான் பெல்லட். அடியில் நீளமான ஒரு திருகுத்தண்டு மெதுவாகச் சுற்றி அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போய் ஒரு சின்ன இரும்புக் கிண்ணத்தில் போடும். கிண்ணத்தில் ஒரு மின்கம்பி சிவந்து பழுத்து முதல் தீயை மூட்டும். விசிறி காற்று கொடுக்கும். அடுப்புச் சுவரில் ஒரு வெப்ப உணரி. சூடு குறைந்தால் பெல்லட் அதிகம் தள்ளு, கூடினால் குறை. அவ்வளவுதான் கம்ப்யூட்டருக்கு வேலை. வைஃபை, ஆப் எல்லாம் அதன் மேல் கட்டிய மாடி!

காலை 5:40-க்கு அந்த வீட்டுக்காரர் எழுந்து காபி கோப்பையோடு கொல்லைக்கு வந்தார். புகை இல்லை. விசிறிச் சத்தம் இல்லை. திரையில் 'சூடு குறைவு' என்பதற்கான கோடு. அடுப்பைத் தொட்டால் வெதுவெதுப்பு. போனை எடுத்து ஆப்பைத் திறந்தார். அப்போதுதான் ராத்திரி நடந்தது முழுக்க கிராஃப் போட்டுத் தெரிந்தது. 1:50 வரை சூடு சீராக ஓடியிருக்கிறது. பிறகு சரிவு. 2:24-க்கு 50 டிகிரிக்குக் கீழே போய், பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 2:34-க்கு அடுப்பு தானாகவே எல்லாவற்றையும் நிறுத்தி எச்சரிக்கையும் அனுப்பியிருக்கிறது.

எச்சரிக்கை ஏன் காதில் விழவில்லை? அதே ஆப்பிலிருந்து 'பெல்லட் தள்ளுபடி', 'கோடைக்கால ஆஃபர்' என்று தினமும் மெசேஜ் வந்து உயிரை எடுத்ததால் போன வாரம்தான் மனிதர் நோட்டிஃபிகேஷனை மொத்தமாக அணைத்திருந்தார். விளம்பரத்தையும் தீ அணைந்த செய்தியையும் ஒரே வாயால் சொல்கிற கருவியை யார்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

உடனே சுவிட்சைப் போட்டு மறுபடி பற்றவைக்கக் கை போனது. அந்த நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.

"தொடாதே. முதல்ல பிளக்கைப் பிடுங்கு."

பக்கத்து வீட்டுப் பெரியவர். ஏசி, ஹீட்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டில் பழைய விறகு ஸ்மோக்கர்தான் வைத்திருக்கிறார், பெல்லட் கிரில்லைப் பார்த்தால் "பிள்ளைங்க விளையாட்டு அடுப்பு" என்று கிண்டல் செய்கிற ரகம். காலையில் நாயை நடத்திக்கொண்டு போகக் கிளம்பியவர். "ராத்திரி வந்த புகை வாசனை இப்போ இல்லையே, என்னாச்சு?" என்றபடி உள்ளே வந்தார். மூக்குக்கு நோட்டிஃபிகேஷனை அணைக்க முடியாதே :-)

அவர் தடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. தீ அணைந்து சூடு இறங்கும்போது கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? பெல்லட் போதவில்லை என்று நினைக்கும். இன்னும் தள்ளும். தீயே இல்லாத கிண்ணத்தில் பெல்லட் மலை போலக் குவியும். அந்த நிலையில் சுவிட்சைப் போட்டால் அடியில் இருப்பது கனன்று மேலே இருப்பதைப் புகைய வைக்கும். மூடிய பெட்டிக்குள் வெள்ளையும் மஞ்சளுமாய் எரியக்கூடிய புகை நிறைந்து, ஒரு நொடியில் 'டப்' என்று பற்றும். மூடி எகிறும், எதிரில் குனிந்து நிற்பவர் புருவம் மிஞ்சாது. ஆகவே எந்தக் கோளாறு எழுத்து வந்தாலும் முதல் சோதனை கண்ணால் செய்வது. கரண்டைத் துண்டித்து, ஆற விட்டு, உள்ளே இருக்கிற தட்டுகளை எடுத்து, கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். கிண்ணம் நிரம்பி வழிந்தால் பெல்லட் வந்திருக்கிறது, தீதான் தவறியிருக்கிறது. கிண்ணம் காலியாக இருந்தால் பெல்லட்டே வந்து சேரவில்லை. திரை சொல்லாத பாதி விஷயத்தை இந்த ஒரு பார்வை சொல்லிவிடும்.

ஆனால் கிண்ணத்துக்கு முன்னால் கறிக்கு ஒரு முடிவு சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்காரம்மாவும் எழுந்து வந்துவிட்டார். "திரும்ப சூடு பண்ணினா சரியாப் போயிடாதா? எண்பது டாலருங்க" என்றார். பார்க்க அருமையாகத்தான் இருந்தது. மேலே கருத்துப் பொரிந்த பட்டை, ஓக் புகை வாசனை. கெட்டுப்போன அறிகுறி ஒன்றும் இல்லை.

கறிக்குள் குத்தியிருந்த இன்னொரு உணரியின் கிராஃபைப் பெரியவர் பார்க்கச் சொன்னார். 1:55-க்கு உட்சூடு 68. 3:05-க்கு 60-க்குக் கீழே இறங்கியிருக்கிறது. 5:40-க்கு 48. ஆக 60-க்குக் கீழே 2 மணி 35 நிமிடம். அமெரிக்க விவசாயத் துறையின் விதி வெகு காலமாக ஒன்றுதான். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் குப்பைக்கு. அதுவும் இது கறியின் நடுமையத்துச் சூடு. வெளிப்பக்கம் அதற்கு முன்பே ஆறியிருக்கும்.

திரும்பச் சூடாக்கினால் கிருமி சாகாதா என்றால், சாகும். ஆனால் பிரச்சினை கிருமியோடு முடிவதில்லை. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்று ஒரு பாக்டீரியா, அதன் வித்துகள் சமையல் சூட்டைத் தாங்கிக்கொண்டு காத்திருக்கும். கறி ஆறத் தொடங்கியதும் முளைக்கும், 43 முதல் 47 டிகிரியில் அதற்குக் கொண்டாட்டம். ஸ்டஃபிலோகாக்கஸ் விடும் நஞ்சோ கொதிக்க வைத்தாலும் போகாது. விருந்துக்கு வருகிறவர்களில் எண்பது தாண்டிய பாட்டி ஒருவரும், ஒரு வயதுக் குழந்தையும் இருந்தார்கள்.

கிராஃப் இல்லாமல் இருந்திருந்தால்? "இப்பத்தான் அணைஞ்சிருக்கும், ஒரு அரை மணி ஆகியிருக்கும்" என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டு மறுபடி பற்றவைத்திருப்பார்கள். பழைய விறகடுப்பில் எத்தனையோ பேர் அப்படிச் செய்திருப்பார்கள், பலருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, சிலர் மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்திருப்பார்கள். இங்கே அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை. நிமிடக் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறதே! தீ ஏன் அணைந்தது என்று சொல்லத் தெரியாத கருவி, கறி எவ்வளவு நேரம் ஆறிக் கிடந்தது என்பதை மட்டும் துல்லியமாகச் சொன்னது. வீட்டுக்காரர் இரண்டு மூன்று தடவை கிராஃபைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தார். பிறகு கறுப்புப் பை ஒன்று கொண்டுவரச் சொன்னார். ஒரு பைக்குள் இன்னொரு பை போட்டு முடிச்சுப் போட்டார்கள், தெரு நாய்கள் இல்லாவிட்டாலும் இரவில் ரக்கூன்கள் வரும்.

பிறகுதான் அடுப்பு.

கிண்ணத்தைப் பார்த்தார்கள். அடியில் சாம்பல், நடுவே கருகிய நாலு துண்டு. பெல்லட் இல்லை. நல்லவேளை, மூடி எகிறும் ஆபத்து இல்லை. பிளக்கைச் செருகி டயக்னாஸ்டிக்ஸ் ஓட்டினார்கள். விசிறி: சரி. பற்றவைக்கும் கம்பி: சரி. திருகு மோட்டார்: சரி. வெப்ப உணரி: சரி. பெல்லட் இருப்பு: 40 சதவீதம். எல்லாம் சரி!

பெரியவர் சிரித்தார். "எல்லாம் சரின்னா ஏன் அணைஞ்சுது?"

இந்த 'சரி'க்கு என்ன அர்த்தம் என்பதுதான் முக்கியம். கம்ப்யூட்டர் விசிறிக்குக் கரண்ட் கொடுக்கிறது, கரண்ட் ஓடுகிறதா என்று பார்க்கிறது, ஓடினால் 'சரி' போடுகிறது. பற்றவைக்கும் கம்பிக்கும் அதே சோதனை. திருகு மோட்டாருக்கும் அதேதான். மோட்டார் சுற்றுகிறது என்றால் திருகு சுற்றுகிறது என்று அர்த்தமில்லை, இரண்டையும் இணைக்கிற ஒரு சின்ன ஊசி முறிந்திருக்கலாம். திருகு சுற்றினாலும் அதில் பெல்லட் இருக்கிறது என்று அர்த்தமில்லை. தீ எரிகிறதா என்று நேரடியாகப் பார்க்கிற கண்ணும் இந்த அடுப்பில் கிடையாது. சூட்டை வைத்து ஊகிக்கிறது, அவ்வளவே. ரிப்போர்ட்டில் பொய் ஒன்றும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது.

பெரியவருக்கு வெப்ப உணரி மீது ஒரு சந்தேகம். வீட்டுக்குப் போய் மல்டிமீட்டர் எடுத்து வந்தார். பிளக்கை மறுபடி பிடுங்கி, உணரியின் இரண்டு ஒயரையும் கழற்றி மின்தடையை அளந்தார். பிளாட்டினம் உணரி, 0 டிகிரியில் 1000 ஓம் இருக்க வேண்டிய வகை. சூடு ஒரு டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 3.85 ஓம் ஏறும். அப்போது காற்று 27 டிகிரி. மீட்டர் 1105 காட்டியது. கணக்கு சரியாக வந்தது. உணரி மேல் படிந்திருந்த கரியை மட்டும் துடைத்துவிட்டு மாட்டினார். (பற்றவைக்கும் கம்பி பழுதானால் வேறு வேடிக்கை நடக்கும். கசிவு மின்சாரத்தில் சுவரிலுள்ள பாதுகாப்பு பிளக் பாயின்ட் ட்ரிப் ஆகி, திரையே இருட்டாகிவிடும். டாக்டரும் சேர்ந்து மயங்கிவிடுவார்!)

கடைசியில் துப்பு கொடுத்தது அந்த 40 சதவீதம்தான். இரவு 12 மணிக்குப் படுக்கப் போகும்போது வீட்டுக்காரர் ஆப்பைப் பார்த்திருக்கிறார். அப்போதும் 40. ஹாப்பர் கொள்ளளவு 9 கிலோ, மணிக்கு அரைக்கிலோ எரிந்தாலும் காலை 7 வரை தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் படுத்திருக்கிறார். 1:50 வரை அடுப்பு எரிந்திருக்கிறது, கிட்டத்தட்ட ஒரு கிலோ பெல்லட் போயிருக்கிறது, ஆனால் அளவு மட்டும் அப்படியே நிற்கிறது!

ஹாப்பர் மூடியைத் திறந்தால் மேலே பெல்லட் சமமாக, அழகாக இருந்தது. பெரியவர் ஒரு மரக் கரண்டிக் காம்பால் குத்தினார். பொலபொலவென்று சரிந்து உள்ளே விழுந்தது. அடியில் குகை. மாவு மில்லில் ஈர அரிசியைக் கொட்டினால் கூம்புக்குள் தொங்கி நிற்குமே, மில்காரர் கட்டையால் தட்டித் தட்டி இறக்குவாரே, அதேதான். அடியில் இருந்த பெல்லட் எல்லாம் இறங்கி எரிந்துவிட்டது. மேல்பகுதி ஒரு வளைவு போல ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இருப்பை அளக்கிற உணரி மூடியிலிருந்து கீழ்நோக்கி மேற்பரப்பு எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்க்கும். மேற்பரப்பு அசையவில்லை, ஆகவே 40. திருகு வெறும் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது.

ஏன் ஒட்டியது? பெல்லட்டில் பசை எதுவும் கிடையாது. மரத்தூளைச் சூட்டோடு அழுத்தும்போது மரத்திலேயே இருக்கிற லிக்னின் இளகி ஒட்டவைக்கிறது. தண்ணீர் பட்டால் பழையபடி தூள். ஈரக்காற்று பட்டாலே மெல்ல ஊதத் தொடங்கும். வீட்டுக்காரர் குளிர்காலத்தில் பிரித்த பை ஒன்று கராஜில் வாய் திறந்து கிடந்தது. வளைகுடாக் காற்று வீசும் ஹூஸ்டனின் ஈரம் நம் சென்னைக்குச் சளைத்ததல்ல. சனிக்கிழமை இரவு புதுப் பெல்லட்டுக்கு மேலே அந்தப் பழைய பையின் மிச்சத்தை, அடியில் தங்கிய தூளோடு சேர்த்து, வீணாக்குவானேன் என்று கவிழ்த்திருக்கிறார். புதுப் பெல்லட் ஒன்றை ஒடித்தால் 'டக்' என்று முறியும், மேலே ஒரு மினுமினுப்பு இருக்கும். பழையதை ஒடித்தபோது சத்தமே வரவில்லை, விரலிடையே உதிர்ந்தது.

மணி ஏழு. வேலை தெரிந்தபின் வேகம் வந்துவிட்டது. ஹாப்பரைக் காலி செய்து, சாம்பல் முழுக்க ஆறிவிட்டதா என்று பார்த்து வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி (கனல் இருந்தால் கிளீனருக்குள் தீப்பிடிக்கும்), திருகில் ஒட்டிய தூளையும் வெளியே தள்ளிவிட்டு, கடையில் வாங்கி வந்த புதுப் பையைக் கொட்டினார்கள். திருகு முழுக்கக் காலி என்பதால் கிண்ணத்தில் முதல் சில பெல்லட் விழுகிற வரை ஓடவிட்டு, பிறகுதான் பற்றவைத்தார்கள். ஒன்பதரைக்குத் தீ. அரை மணி நேரம் ஒன்றும் வைக்காமல் சும்மா எரியவிட்டுப் பார்த்தார்கள். சூடு நேராக நின்றது.

விருந்துக்குக் கோழித்தொடை. 190 டிகிரியில் முக்கால் மணி நேரம் போதும், உட்சூடு 74 தாண்டிவிட்டதா என்று ஒவ்வொரு துண்டாகக் குத்திப் பார்த்து எடுத்தார் வீட்டுக்காரர். அவ்வளவு கறாராக அவர் என்றைக்கும் குத்திப் பார்த்ததில்லை என்று வீட்டுக்காரம்மா வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், இரண்டு வாரமாக பிரிஸ்கெட் என்று தோழிகளிடம் சொல்லி வைத்திருந்தாள். பெரியவர் தன் ஸ்மோக்கரில் அவசரமாகச் சுட்ட சாசேஜ் வளையம் இரண்டைக் கொண்டுவந்து வைத்தார், கூடவே பிள்ளைங்க விளையாட்டு அடுப்பு பற்றி இரண்டு ஜோக். சாப்பாட்டுக்கு நடுவிலும் வீட்டுக்காரர் கால் மணிக்கொரு தரம் எழுந்துபோய் ஹாப்பரை மரக் கரண்டியால் தட்டிவிட்டு வந்தார்.

அன்று இரவு நோட்டிஃபிகேஷனை மறுபடி போட்டார். ஒன்பது மணிக்கு போன் 'டிங்' என்றது. பதறி எழுந்து பார்த்தார். பெல்லட் 15 சதவீதம் தள்ளுபடி.